குலதெய்வம் கேட்கும் வீட்டுக்காரர்கள்

தஞ்சாவூருக்கு வேலை கிடைத்து வருகிறவர்கள் பெரும்பாலும் மருத்துவக் கல்லூரி சாலையில்தான் வீடு தேடத் தொடங்குகிறார்கள். மருத்துவமனை, தமிழ்ப் பல்கலைக்கழகம், திருமலைசமுத்திரத்து சாஸ்த்ரா பல்கலைக்கழகம் என்று வெளியூர் ஆட்களை வரவழைக்கும் இடங்களில் பல ஊருக்குத் தெற்கிலும் மேற்கிலும் அமைந்துவிட்டன. வடக்கே வடவாறும் வெண்ணாறும் பாயும் வண்டல் பூமி, நெல் விளைகிற இடம். வல்லம் பக்கம் போகப் போகச் செம்மண் மேடு. பெரிய வளாகங்களுக்கு மேட்டில் இடம் கிடைத்தது. வீட்டு மனைகளோ மேட்டோடு நிற்காமல் வயலுக்குள்ளும் இறங்கிவிட்டன.

புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, முடிந்தால் வீட்டை ஐப்பசி, கார்த்திகையில் போய்ப் பாருங்கள் என்பதுதான். சித்திரையில் எல்லா நகரும் ஒரே மாதிரி பளிச்சென்று இருக்கும். அடைமழை பிடித்த பிறகுதான் எது மேடு, எது பள்ளம், எந்தத் தெரு முன்பு வாய்க்காலாக இருந்தது என்று தெரியும். அவ்வளவு நாள் காத்திருக்க முடியாதவர்கள் வீட்டுக்காரரை விட்டுவிட்டு, அந்தத் தெருவில் பால் ஊற்றுகிறவரைக் கேட்கலாம். மழையில் எந்த வாசல் வரை வண்டி போகும் என்று அவருக்குத் தெரியும்.

அட்வான்ஸ் விஷயத்தில் சட்டம் ஓரளவு துணைக்கு இருக்கிறது. 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2017-இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. இரு தரப்பும் வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாத வரையில் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். இதைச் சொல்லிப் பேரம் பேசினால் பல வீட்டுக்காரர்கள் இறங்கி வருகிறார்கள்.

அவர்கள் இறங்கி வராத இடம் வேறு. வாடகை, கரண்ட் யூனிட் கணக்கு, மோட்டார் போடும் நேரம் எல்லாம் பேசி முடித்து, சாவியை எடுக்கப் போகும் நேரத்தில் சாதி பற்றிய அந்தக் கேள்வி வரும். நேராக வராது. "சொந்த ஊரு எது தம்பி?" என்று தொடங்கும். ஊரைச் சொன்னால், "அங்க எந்தத் தெரு?" அதிலும் பிடிபடாவிட்டால், "குலதெய்வம் எந்தக் கோயில்?" சாப்பாடு சைவமா என்ற விசாரிப்பும் பெரும்பாலும் சமையல் வாசனை பற்றிய கவலை மட்டும் இல்லை. எனக்குத் தெரிந்த செவிலியர் ஒருவர், அரசு வேலை உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு ஊர் முழுக்க அலைந்தார். குலதெய்வம் வரைக்கும் நல்லபடியாகப் பேசிய வீடுகள், அதற்குப் பிறகு "சொந்தக்காரங்க வர்றாங்கம்மா, வீடு இப்ப இல்லை" என்றன. டு-லெட் அட்டை அடுத்த வாரமும் அதே கேட்டில் தொங்கியது.

முன்பணத்துக்கு வரம்பு சொன்ன சட்டம் இந்தக் கேள்விக்கு வரம்பு சொல்லவில்லை. இந்த மண்ணில் அது கூடுதலாக உறுத்துகிறது. டெல்டாவில் விவசாயத் தொழிலாளியின் குடிசை மிராசுதாரின் நிலத்தில்தான் நின்றது. கூலி உயர்த்திக் கேட்டால் வேலையோடு குடியிருக்கும் இடமும் போகும் என்ற பயம் அந்தக் குடிசைக்குள் எப்போதும் இருந்தது. அன்றைய தஞ்சை மாவட்டத்தின் கீழவெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு, கூலிப் போராட்டத்தின் பகையில், ஒரே குடிசைக்குள் ஒளிந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். மூன்று ஆண்டுகளுக்குள், 1971-இல், குடியிருப்பு மனை உரிமைச் சட்டம் வந்தது. பிறர் நிலத்தில் குடிசை போட்டு வாழ்ந்த விவசாயத் தொழிலாளிக்கு அந்த மனையைச் சொந்தமாக்கியது அது. அடுத்தவன் மனைக்கே உரிமை கொடுக்கச் சட்டத்தால் முடிந்தது. மாதம் தவறாமல் வாடகை கொடுக்கத் தயாராக இருக்கும் ஒரு பெண்ணுக்கு, ஒரு மாடி போர்ஷனின் கதவைத் திறக்க நம்மால் முடியவில்லை.

வீடு அவரவர் சொத்து, யாருக்குக் கொடுப்பது என்பது அவரவர் விருப்பம் என்று நண்பர்கள் வாதிடுகிறார்கள். வாடகை ஒழுங்காக வருமா, வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்வார்களா என்று விசாரிக்கட்டும். வேலை உத்தரவைப் பார்க்கட்டும், பழைய வீட்டுக்காரரிடம் ஒரு போன் போட்டுக் கேட்கட்டும். அந்த விசாரிப்புகள் எதற்கும் குலதெய்வத்தின் பெயர் தேவைப்படாது.

ஒவ்வொரு ஆண்டும் புதியவர்களை அழைத்துவரும் மருத்துவமனையும் பல்கலைக்கழகங்களும் இதில் ஒன்று செய்யலாம். வாடகை, முன்பணம், தண்ணீர் வசதி மட்டும் பேசி வீடு தரச் சம்மதிக்கும் உரிமையாளர்களின் பட்டியலை வைத்திருந்து, வேலை உத்தரவோடு சேர்த்துக் கொடுக்கலாம். செலவு அதிகம் இல்லை. பட்டியலில் பெயர் வந்த வீடு ஒரு நாளும் காலியாகக் கிடக்காது என்பதால் உரிமையாளருக்கும் லாபம்தான். எங்கள் தெருவில் மாடி வைத்திருப்பவர்களிடம் இதைப் பற்றிப் பேசத் தொடங்கியிருக்கிறேன். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் உடனே சரி என்றார். எதிர்வீட்டுக்காரர் மனைவியிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மறுபடி போகிறேன்.