எங்கே போயிற்று அந்த வாயு?

பண்ணைப்புரத்திற்கு மேற்கே மலை உயர்ந்து நின்றாலும் சித்திரை வெயிலை அது தடுப்பதில்லை. அந்த வெயிலில் எங்கள் வீட்டுப் பழைய காரின் ஏ.சி. மூன்று கோடைகளாக எங்களைச் சோதித்து வந்தது. பங்குனியில் வாயு நிரப்புவோம். ஆடி பிறப்பதற்குள் குளிர் போய்விடும். "பழைய வண்டி அப்படித்தான், வருடா வருடம் கேஸ் அடிக்க வேண்டும்" என்றார்கள், நாங்களும் நம்பினோம். இறுதியில் வண்டியை விற்றுவிடத் தீர்மானித்தபோது, நலம் விரும்பி ஒருவர் யோசனை சொன்னார்: "வாங்குகிறவர் வந்து பார்க்கும் நாளில் கேஸ் அடித்து வைத்துவிடுங்கள். அன்றைக்குக் குளிர்ந்தால் போதும்." அந்தச் சொல் எங்களை உறுத்தியது.

நாம் முதலில் தெளிய வேண்டியது ஒன்று உண்டு. ஏ.சி. வாயு, பெட்ரோலைப் போல் எரிந்து தீரும் பொருள் அன்று. கம்ப்ரசர் அதை அழுத்துகிறது. முகப்பிலுள்ள கண்டென்சரில் அது வெப்பத்தை வெளியே விட்டுத் திரவமாகிறது. டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் ஆவியாகி, உள்ளிருக்கும் காற்றின் வெப்பத்தை ஈர்த்துக்கொண்டு மீண்டும் கம்ப்ரசருக்கே திரும்புகிறது. இது மூடிய சுற்று. ரப்பர் குழாய்களின் வழியே பல ஆண்டுகளில் சிறிதளவு குறைவது இயல்பு. ஒரே பருவத்தில் தீர்ந்துபோனால் எங்கோ கசிவு இருக்கிறது என்றே பொருள். அதை அடைக்காமல் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் நீர் மொள்வதற்கு ஒப்பாகும்.

குளிராத ஏ.சி.க்கெல்லாம் வாயுக் குறைவே காரணம் என்றும் கொள்ளலாகாது. காற்றே குறைவாக வந்தால் ஃபில்டரில் தூசு அடைந்திருக்கலாம். ஓடும்போது குளிர்ந்து, நிற்கும்போது வெதுவெதுப்பானால் கண்டென்சர் விசிறியைப் பார்க்க வேண்டும். ஏ.சி.யைப் போட்டதும் கம்ப்ரசரின் கிளட்ச் 'டக்' என்று சேரவில்லையெனில் ஃபியூஸ், ரிலே, வயர் இணைப்புகளைச் சோதிக்க வேண்டும். வாயு மிகக் குறைந்தாலும் கிளட்ச் சேராது. ஆடிக் காற்றில் பறக்கும் புழுதி கண்டென்சரின் தகடுகளுக்கிடையே படிந்துவிடும். மெல்ல நீர் பாய்ச்சிக் கழுவினாலே குளிர் கூடுவதும் உண்டு.

எங்கள் வண்டியில் இவை யாவும் சரியாகவே இருந்தன. ஆகவே இம்முறை பட்டறையில் "கேஸ் அடியுங்கள்" என்று சொல்லாமல், "எங்கே கசிகிறது என்று கண்டுபிடித்துத் தாருங்கள்" என்று கேட்டோம். வாயுவோடு எண்ணெயும் சுற்றி வருவதால், கசியும் இடத்தில் பிசுபிசுப்பும் அதில் ஒட்டிய அழுக்கும் இருக்கும். மெக்கானிக் முதலில் அதைத்தான் தேடினார். பின்பு குழாய்களில் நைட்ரஜனை ஏற்றி, இணைப்புகளில் சோப்பு நுரையைத் தடவினார். கம்ப்ரசர் இணைப்பில் குமிழிகள் எழுந்தன. இறுகிப்போன ஒரு சிறு ரப்பர் வளையம்! மூன்று கோடைகளின் செலவும் அதன் வழியே போயிருந்தது. வளையத்தை மாற்றி, வேக்குவம் பம்ப்பால் காற்றையும் ஈரத்தையும் வெளியேற்றி, பானெட்டின் அடியில் குறித்திருந்த எடைப்படி அளந்து நிரப்பினார்.

வீணானது எங்கள் பணம் மட்டுமன்று. முற்காலக் கார்களில் இருந்த ஆர்-12 போன்ற வாயுக்கள் ஓசோன் படலத்தை அரிக்கும் என்று மோலினா, ரோலண்ட் என்னும் அறிவியலாளர்கள் 1974இல் எடுத்துரைத்தனர். 1987இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை உருவாயிற்று. மாற்றாக வந்த ஆர்-134ஏ ஓசோனுக்குத் தீங்கு செய்வதில்லை. ஆயினும் நூறாண்டுக் கணக்கில், அதே எடையுள்ள கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேலாகப் புவியைச் சூடாக்குகிறது. இன்று நாம் குளிர வேண்டி, நம் பேரப்பிள்ளைகளின் வெயிலைக் கூட்டி வைக்கிறோம்.

இதில் மெக்கானிக்குகளை மட்டும் குறை கூறுவது நியாயமன்று. கசிவைத் தேட நேரமாகும். அதற்குக் கூலி கேட்டால் நாம் முகம் சுளிக்கிறோம். அரை மணியில் குளிர வைப்பவரையே கெட்டிக்காரர் என்று புகழ்கிறோம். கேட்கிறவர் கேள்வியை மாற்றினால், செய்கிறவர் வேலையும் மாறும்.

குறை தெரிந்தும் வாயுவை நிரப்பி வண்டியை விற்பதைப் பலர் சாமர்த்தியம் என்கின்றனர். நனைந்த தானியத்தை உலர்ந்த தானியத்தின் அடியில் வைத்திருந்த வணிகரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த செய்தியைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஈரத்தை மறைக்கலாகாது என்றால், குளிர்ந்த காற்றைக் கொண்டு குறையை மறைக்கலாமா? நம்மிடம் வாங்குகிறவர், நாளை உச்சி வெயிலில் முதிய தாயை ஏற்றிக்கொண்டு மதுரை மருத்துவமனைக்குப் போகிறவராகவும் இருக்கலாம்.

எங்கள் வண்டி இன்னும் விற்கவில்லை. பார்க்க வருகிறவர்களிடம் கசிந்ததையும், சரிசெய்ததையும், மற்றக் குழாய்கள் பழையவை என்பதையும் சொல்லியே விலை பேசுகிறோம். விலை சற்றுக் குறைகிறது. குறையட்டும்.