தாய் தேடிய கதை

தயிருக்கு உறைமோர் தீர்ந்துபோனால் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டலாம். வினிகருக்கு? அதற்கும் உறை உண்டு. ஆங்கிலத்தில் அதன் பெயரே 'மதர்', அதாவது தாய். அந்தத் தாயைத் தேடி மும்பையில் சில மாதங்கள் அலைந்தேன்.

முதல் முயற்சி சுத்த அசட்டுத்தனம். கடையில் வாங்கிய வெள்ளை வினிகரைக் கொஞ்சம் ஒயினில் ஊற்றி, ஜாடியின் வாயைத் துணியால் கட்டி வைத்தேன். ஆறு வாரம் கழித்துக் கிடைத்தது சின்னச் சின்ன ஈக்கள்தான். அப்புறம்தான் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன். 'சிந்தெடிக்: அசெட்டிக் அமிலத்திலிருந்து தயாரித்தது.' அப்படி அச்சிடச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. படிக்கத்தான் நமக்குப் பொறுமையில்லை. அமிலத்தில் தண்ணீர் கலந்தால் உயிர் எங்கிருந்து வரும்?

வினிகர் உண்டாவது உயிர்களால்தான் என்று 1860களில் காட்டியவர் லூயி பாஸ்டர். ஒருவகை பாக்டீரியா, காற்றிலுள்ள ஆக்சிஜனைக் கொண்டு ஆல்கஹாலை அசெட்டிக் அமிலமாக்குகிறது. மேலே ஏடுபோலப் படரும் வழவழப்பான படலம்தான் தாய். புளிக்கவைத்துச் செய்த வினிகரானாலும், சூடாக்கி வடிகட்டிய பிறகு உறைக்கு உதவாது.

வேலையாகக் கோவா போனபோது மாப்புசாவின் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குள் நுழைந்தேன். பழைய பாட்டில்களில் தென்னங்கள் வினிகர். விந்தாலுவுக்குப் புளிப்பு தருவது இதுதான். கள் தானாகவே நுரைத்துப் புளித்து, வாரக்கணக்கில் ஜாடியில் கிடந்து வினிகராகிறது. கலங்கலான ஒரு பாட்டிலைக் காட்டி, "உயிர் இருக்கிறதா?" என்றேன். விற்ற மூதாட்டி சிரித்தார். "இருக்கிறது. மரம் ஏறத்தான் ஆள் இல்லை. எங்கள் ஊரில் ஒருவர்தான் மிச்சம். அவர் மகன் கப்பலில் வேலை பார்க்கிறான்."

வீட்டுக்கு வந்து ஒரு பங்கு வினிகர், ஒரு பங்கு ஒயின், ஒரு பங்கு தண்ணீர் என்று கண்ணாடி ஜாடியில் கலந்தேன். உலோகப் பாத்திரம் கூடாது. மூடியும் கூடாது, துணி போதும். தாய்க்குக் காற்று வேண்டும். மூன்றாவது வாரம் மெல்லிய படலம் படர்ந்தது. இரண்டு மாதத்தில் ஒயின் வாசனை போய் மூக்கைத் துளைக்கும் புளிப்பு. உடனே பாட்டிலில் கழுத்துவரை நிரப்பி மூடிவிட வேண்டும். விட்டுவைத்தால் அதே பாக்டீரியா அமிலத்தையும் தின்றுவிடும். ஓர் எச்சரிக்கை: இதன் புளிப்பு எவ்வளவு என்று நாக்கு சொல்லாது. சமையலுக்குச் சரி, மாதக்கணக்கில் வைக்கும் ஊறுகாய்க்கு இதை நம்பாதீர்கள்.

கோவா போக முடியாதவர்கள், வடிகட்டாத, சூடாக்காத ஆப்பிள் வினிகராகப் பார்த்து வாங்கலாம். 'மதர்' உண்டு என்று லேபிளில் போட்டிருப்பார்கள்.

இப்போது எங்கள் மாடியில் மூன்று வீடுகளில் அந்தத் தாய் வளர்கிறது. கேட்டவர்களுக்கெல்லாம் ஒரு டம்ளர் கொடுத்துவிட்டேன். தர்மசிந்தனை எல்லாம் இல்லை. என் ஜாடி கெட்டுப்போனால் நான் எங்கே போய்க் கேட்பது?