அப்பாவின் காலைப்பொழுதில் எத்தனை பேர்?

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலையில், மெர்சிங்கில், என் சிலுவார்ப் பையில் முப்பது புளியங்கொட்டைகளைப் போட்டுக்கொண்டு அப்பாவுக்குப் பின்னால் நடந்தேன். அவர் யாரிடமாவது பேசினாலோ, யாராவது அவரிடம் பேசினாலோ, வலது பையிலிருந்து ஒரு கொட்டை இடது பைக்குப் போகும். நாற்பத்திரண்டு வயதில் செய்கிற வேலையா இது என்று கேட்காதீர்கள். காரணம் இருக்கிறது.

அம்மா தவறி மூன்றாண்டுகள் ஆகிவிட்டன. அப்பாவுக்கு 74 வயது. செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர், மெர்சிங்கில் தாமான் வீட்டில் தனியாக இருக்கிறார். நான் ஜொகூர் பாருவில், தம்பி சிங்கப்பூரில். கோத்தா திங்கி வழியாகப் போனால் 130 கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் முன்னால் இரண்டு செம்பனை லோரிகள் மாட்டிக்கொண்டால் இரண்டரை மணி நேரம் ஆகிவிடும். சென்ற ஆண்டு அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அன்றிலிருந்து எனக்கும் தம்பிக்கும் ஒரே பேச்சுதான். வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவோம்.

முதலில் ஒரு ஒத்திகை பார்த்தோம். நவம்பரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும், பிப்ரவரி வரை எங்கள் வீட்டில் இருக்கட்டும் என்று அழைத்து வந்தேன். அந்த மாதங்களில் மெர்சிங்கில் கடல் கொந்தளிக்கும், தியோமானுக்குப் படகுகள் குறைந்துவிடும், சுற்றுப்பயணிகள் இல்லாமல் ஊரே பாதியாகிவிடும். அங்கே அப்பாவுக்கு என்ன இருக்கிறது என்று நினைத்தேன். இங்கே பதினான்காவது மாடியில் தனி அறை, குளிர்சாதனம், ஆஸ்ட்ரோவில் தமிழ்ப் படங்கள், மாலையில் பேரப்பிள்ளைகள். ஒரு மனுஷனுக்கு வேறென்ன வேண்டும்?

இரண்டாவது வாரத்திலேயே பேச்சு குறைந்துவிட்டது. சாப்பாட்டில் குறை சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அம்மா நினைப்பாக இருக்கும் என்று தம்பி சொன்னான். பொங்கல் முடிந்த மறுநாள், "எப்பம்மா கொண்டுபோய் விடுவ?" என்று கேட்டார். இங்கே என்னப்பா குறை என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "ஒரு கொறையும் இல்லம்மா. இங்க என்னைத் திட்டக்கூட ஆளில்ல."

எனக்குச் சுருக்கென்றது. எல்லாரும் உங்களைத் தாங்குகிறோமே அப்பா!

இந்தப் பத்தியை விடாமல் படிக்கிறவர்களுக்கு நினைவிருக்கும். மகிழ்ச்சி பற்றி எழுதும்போதெல்லாம் ஹார்வர்ட் ஆய்வை இழுத்துக்கொண்டு வருவேன். 1938இல் தொடங்கி, 724 ஆண்களை வாலிபத்திலிருந்து முதுமை வரை பின்தொடர்ந்த ஆய்வு அது. இப்போது அவர்களுடைய பிள்ளைகளையும் ஆராய்கிறார்கள். உடல்நலத்தோடும் மனநிறைவோடும் முதுமையைக் கழிப்பவர்கள் நல்ல உறவுகள் உள்ளவர்களே என்று அதன் இயக்குநர், மனநல மருத்துவர் ராபர்ட் வால்டிங்கர் சொல்லி வருகிறார். நானும் அதை வாங்கி, குடும்பத்தோடு இருங்கள், பிள்ளைகளோடு இருங்கள் என்று உங்களுக்கு எழுதினேன். உறவு என்றால் மகன், மகள், பேரன், பேத்தி என்று எனக்குள் நானே சுருக்கிக்கொண்டது இப்போதுதான் புரிகிறது.

ஜில்லியன் சாண்ட்ஸ்ட்ரம் என்று ஓர் உளவியல் ஆய்வாளர். டொராண்டோவில் மேற்படிப்பு படித்த காலத்தில் தினமும் ஒரு ஹாட் டாக் கடையைக் கடந்து போவாராம். கடைக்காரப் பெண்ணைப் பார்த்துச் சிரிப்பார், கையசைப்பார், அவ்வளவுதான். அந்தப் பெண் இல்லாத நாளில் என்னவோ போல் இருக்குமாம். இதையே அவர் பிறகு ஆராய்ச்சியாக்கினார். எலிசபெத் டன் என்ற பேராசிரியருடன் சேர்ந்து 2014இல் வெளியிட்ட ஆய்வில், பங்கேற்றவர்களின் கையில் எண்ணும் கருவிகள் இரண்டைக் கொடுத்தார்கள். நெருக்கமானவரிடம் பேசினால் ஒன்றை அழுத்த வேண்டும், முகம் மட்டும் தெரிந்தவரிடம் பேசினால் மற்றொன்றை. அந்த இரண்டாவது கணக்கு கூடிய நாள்களில், மனிதர்கள் வழக்கத்தைவிட மகிழ்ச்சியாக இருந்தார்கள். நாமும் இந்த இடத்தைச் சேர்ந்தவர்கள் என்ற உணர்வும் கூடியிருந்தது.

இதே இருவர் காப்பிக் கடை வாசலிலும் ஒரு சோதனை செய்தார்கள். பாதிப் பேரிடம், சட்டென்று காப்பியை வாங்கிக்கொண்டு நகருங்கள் என்றார்கள். மீதிப் பேரிடம், கடைக்காரரின் முகத்தைப் பார்த்துச் சிரித்து இரண்டு வார்த்தை பேசுங்கள் என்றார்கள். பேசியவர்கள்தான் தெளிந்த முகத்தோடு வெளியே வந்தார்கள். இப்போது மேசையிலுள்ள கட்டத்தைக் கைப்பேசியில் படம் பிடித்தால் சாப்பாடு வந்துவிடுகிறது. வசதிதான், நானும் அப்படித்தான் சாப்பிடுகிறேன். இரண்டு வார்த்தை பேசுகிற அந்த இடம் மட்டும் போய்விட்டது.

சரி, புளியங்கொட்டைக்கு வருகிறேன். என்னிடம் எண்ணும் கருவி இல்லை. அம்மா உலர்த்தி வைத்த கொட்டை டின்னில் இருந்தது.

அப்பா ஆறே முக்காலுக்குக் கதவைத் திறந்தார். எதிர்வீட்டு மாக்சிக் நாசி லெமாக் பொட்டலங்களை மோட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தார். மகள் வந்திருக்கிறாளா, எத்தனை நாள், பேரன் வரவில்லையா என்று கேட்டார். ஒரு கொட்டை. தெருமுனையில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிற தம்பி கண்ணாடியை இறக்கி "அங்கிள், கை எப்படி?" என்றான். இரண்டு. ரொட்டி சானாய் கடையில் மட்டும் ஐந்து கொட்டைகள் போயின. தே தாரிக் ஆற்றுகிற பையன் அப்பாவைக் கேட்காமலேயே சீனி குறைத்துக் கொண்டுவந்தான். பத்திரிகை வாங்குகிற கடையில், போன வாரம் பாக்கி வைத்த ஒரு வெள்ளியை அப்பா கொடுக்க, கடைக்காரப் பெண் அது ஒன்றரை என்று வாதாடினார். இருவருக்குமே அந்த வாதம் தேவைப்பட்டது போலத் தெரிந்தது.

பிறகு ஆற்றோரம் மீன் கடை. அப்பா ஒரு கெம்போங்கைத் தூக்கிச் செவுளைப் பிரித்துப் பார்த்து, "ஈக்கான் செமாலம்" என்றார். நேற்றைய மீனாம். அவ்வளவுதான்! சீனத் தவுக்கே பொரிந்து தள்ளிவிட்டார். முப்பது வருஷமாக இதே பேச்சு, வாங்கினால் வாங்கு, வாங்காவிட்டால் மீனைக் கீழே வை, உன் கை பட்டே மீன் கெட்டுப்போகும் என்று மலாயிலும் சீனத்திலுமாகத் திட்டு. அப்பா சிரித்துக்கொண்டே அதே மீனை எடை போடச் சொன்னார். தவுக்கே நான்கு இறாலைச் சும்மா அள்ளிப் பையில் போட்டார்.

எனக்குப் பொங்கலுக்கு மறுநாள் நினைவுக்கு வந்தது.

கடைசியாக ஜெட்டி. மெர்சிங் ஆற்றின் முகத்துவாரம் ஆழமில்லாதது. அதனால் தியோமான் படகு புறப்படும் நேரத்தைக் கடலின் ஏற்ற இறக்கம்தான் முடிவு செய்யும். முதல் முறை வருகிறவர்களுக்கு இது தெரியாது, பையை மடியில் வைத்துக்கொண்டு தவிப்பார்கள். அப்பா அங்கே போய் உட்கார்ந்து, தண்ணீரைப் பார்த்து, "இன்னும் ஒரு மணி நேரம் ஆகும், போய்ச் சாப்பிட்டுவிட்டு வாங்க" என்று யார் கேட்காவிட்டாலும் சொல்வார். அன்று கோலாலம்பூரிலிருந்து வந்த ஓர் இளம் தம்பதி, வெள்ளைக்காரப் பையன் ஒருவன், முதுகுப்பையோடு வந்த நான்கு பெண்கள். அந்நியர்களிடம் பேசினால் தொல்லையாக நினைப்பார்கள் என்றுதான் நாம் எண்ணுகிறோம். சிகாகோவில் ரயில் பயணிகளிடம் நிக்கோலஸ் எப்லியும் ஜூலியானா ஷ்ரோடரும் 2014இல் வெளியிட்ட சோதனையில், பக்கத்து இருக்கைக்காரரிடம் பேசுவது மோசமான அனுபவமாக இருக்கும் என்றே மக்கள் எதிர்பார்த்தார்கள். உண்மையில் பேசச் சொல்லப்பட்டவர்களுக்குத்தான் பயணம் இனிமையாகப் போனது. அப்பாவுக்கு அந்த ஆய்வைப் பற்றிச் சொன்னேன். "இதுக்கெல்லாமா ஆராய்ச்சி?" என்றார்.

வீடு திரும்பியபோது மணி பத்தரை. இடது பையில் இருபத்தேழு கொட்டைகள்.

திங்கட்கிழமை ஜொகூர் பாருவில் என் கணக்கையும் எடுத்துப் பார்த்தேன். பகல் பன்னிரண்டு மணிவரை மூன்று. ஒருவர் கார் நிறுத்துமிடத்துக் காவலாளி. மற்ற இரண்டும் அலுவலகக் கூட்டத்தில், கணினித் திரை வழியாக. ஆறு வருஷமாக நான் குடியிருக்கும் மாடியில் பக்கத்து வீட்டுக்காரரின் பெயர் எனக்குத் தெரியாது. அந்த இடத்தில் அப்பாவை மூன்று மாதம் உட்கார வைத்துவிட்டு, ஏன் பேச மாட்டேன் என்கிறார் என்று கவலைப்பட்டிருக்கிறேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். மகிழ்ச்சிக்கு வழி என்று வருகிற எல்லாவற்றையும் நம்பிவிடாதீர்கள், என் பத்தி உட்பட. 2023இல் டனிகன் ஃபோக் என்ற ஆய்வாளரும் மேலே சொன்ன எலிசபெத் டன்னும், ஊடகங்கள் அதிகம் சிபாரிசு செய்கிற ஐந்து வழிகளை எடுத்துக்கொண்டார்கள். நன்றி பாராட்டுவது, மனிதர்களோடு பழகுவது, உடற்பயிற்சி, தியானம், இயற்கையோடு இருப்பது. இவற்றைப் பற்றிய ஆய்வுகளைச் சலித்துப் பார்த்ததில், போதிய ஆள்கணக்கோடு, முன்கூட்டியே திட்டத்தைப் பதிவு செய்துவிட்டு நடத்தப்பட்ட நம்பகமான சோதனைகள் மொத்தம் 57தான் தேறின. சில வழிகளுக்கு நாம் நினைக்கிற அளவுக்கு ஆதாரம் இல்லை. உடற்பயிற்சி உடம்புக்கு நல்லது, அதில் சந்தேகமில்லை. மகிழ்ச்சியைக் கூட்டும் என்பதற்குத்தான் இன்னும் உறுதியான சான்று வேண்டும் என்கிறார்கள்.

இன்னொன்று, பணம். பணத்தால் மகிழ்ச்சி வராது என்று கையில் பணம் உள்ளவர்கள் சொல்வது எனக்குப் பிடிக்காது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளிடம் ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் குழுவினர் ஓர் ஆய்வு செய்து 2013இல் வெளியிட்டார்கள். அறுவடைக்கு முன், கையில் காசில்லாத நாள்களில் ஒரு சோதனை. அறுவடைப் பணம் வந்த பிறகு அதே ஆள்களுக்கு மறுபடியும் சோதனை. சிந்தனைத் திறனில், பணம் வந்த பிறகு தெளிவாக மேலே போனார்கள். ஆள் அதேதான், மூளையை அடைத்துக்கொண்டிருந்த கவலைதான் இறங்கியிருந்தது. அப்பா மீன் கடையில் வம்பு வளர்க்க முடிவதற்கு, வீட்டுக் கடன் முடிந்து, மாதச் செலவுக்குப் பிள்ளைகள் பணம் போடுவதும் ஒரு காரணம். தோட்டத்தில் இருந்த காலத்தில், மாதக் கடைசியில் அவர் யாரிடமும் பேசமாட்டார். எங்களிடமும்தான்.

இனி அந்த விழுந்த கதை. எதற்காக அப்பாவை அழைத்து வரவேண்டும் என்று பேச ஆரம்பித்தோமோ, அந்தக் கதையை முழுதாகக் கேட்டுக்கொள்ளாமலே இருந்திருக்கிறேன். சனிக்கிழமைதான் எதிர்வீட்டு மாக்சிக் சொன்னார். அன்று காலை ஏழு மணிக்கும் அப்பாவின் கதவு திறக்கவில்லை. அவர் நாசி லெமாக்கை வைத்துவிட்டு வந்து கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார். பதில் வந்த குரல் சரியில்லை என்று மகனை அழைத்து, பின்கதவு வழியாகப் போய் அப்பாவைத் தூக்கி மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். ஏழேகாலுக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. எனக்கு அழைப்பு வந்தது எட்டரைக்கு.

எங்கள் பதினான்காவது மாடியில், நானும் கணவரும் வேலைக்குக் கிளம்பிய பிறகு காலை ஒன்பது மணிக்கு அவர் விழுந்திருந்தால்? பிள்ளைகள் பள்ளியிலிருந்து திரும்பும்வரை யாருக்கும் தெரிந்திருக்காது.

தம்பி இன்னும் சமாதானமாகவில்லை. "அடுத்த தடவை மாக்சிக் ஊரில் இல்லேன்னா என்னக்கா செய்வ?" என்கிறான். அவன் கேட்பது நியாயம்தான், என்னிடம் பதில் இல்லை. இப்போதைக்குக் குளியலறையில் பிடிமானக் கம்பி பொருத்தியாகிவிட்டது, தரைக்கு ரப்பர் விரிப்பு போட்டாகிவிட்டது. ஒரு சாவி மாக்சிக்கிடம், இன்னொன்று ரொட்டி சானாய் கடையில். இருவருடைய எண்ணும் எங்கள் கைப்பேசிகளில் இருக்கிறது. மழைக்காலத்துக்கு என்ன செய்வது என்று அக்டோபரில் பேசிக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறோம்.

புளியங்கொட்டை விஷயத்தை அப்பாவிடம் மறைக்க முடியவில்லை. கிளம்பும்போது பையிலிருந்து ஒன்று கீழே விழுந்து உருண்டது. விவரம் சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டார். கொட்டைகளை டின்னில் போட்டு அவரிடமே கொடுத்துவிட்டு வந்தேன்.

வியாழக்கிழமை காலை, நான் கூட்டத்தில் இருக்கும்போது புலனத்தில் குரல் பதிவு ஒன்று வந்தது. பின்னால் படகுச் சத்தம்.

"பாப்பா, மணி ஒம்பதுதான் ஆகுது. முப்பது கொட்டையும் தீந்துபோச்சு."