தரையில் உருண்டால் தற்கால நடனமா?

தொலைக்காட்சி நடனப் போட்டிகளில் ஒரு வழக்கம் உண்டு. சோகப் பாட்டு ஒன்று வேண்டும். ஆடுபவர் வெறுங்காலோடு வந்து, முடியை விரித்துப் போட்டு, தரையில் நான்கு முறை உருண்டு, துணையை ஒருமுறை தலைக்கு மேல் தூக்கிச் சுற்ற வேண்டும். உடனே அதற்கு 'கன்டெம்பரரி' என்று பெயர் வைத்துவிடுவார்கள்! நடுவர்களும் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். பரதநாட்டியம் பயின்றவர்களில் சிலரோ "இலக்கணமே இல்லாத ஆட்டம்" என்று உதட்டைப் பிதுக்குவார்கள். பாராட்டுபவரும் பழிப்பவரும் நம்புவது ஒன்றைத்தான்: இந்த நடனத்துக்குப் பயிற்சி தேவையில்லை, உணர்ச்சி இருந்தால் போதும்.

இது சுத்தப் பொய்.

மார்த்தா கிரகாம் 1926ல் நியூயார்க்கில் தன் குழுவைத் தொடங்கினார். அவருடைய முறைக்கு அடிப்படை மூச்சு. மூச்சை விடும்போது அடிவயிறு உள்ளே போகிறது, இடுப்பெலும்பு சாய்கிறது, முதுகு வில்லாக வளைகிறது. மூச்சை இழுக்கும்போது உடல் மீண்டும் நிமிர்கிறது. கேட்க எளிது. ஆனால் பழகாதவர்கள் தோளை மட்டும் கூனிக்கொண்டு அதையே 'சுருக்கம்' என்று நினைப்பார்கள். உண்மையில் அந்த வளைவிலும் முதுகெலும்பு நீள வேண்டும், குறுகக் கூடாது. அது பிடிபடப் பல வருடங்கள் ஆகும். 1930ல் கிரகாம் ஆடிய 'லமென்டேஷன்' பெரும்பாலும் ஒரு பலகையில் உட்கார்ந்தபடியே ஆடப்படுவது. உருளலும் இல்லை, தூக்கலும் இல்லை!

அதே காலத்தவரான டோரிஸ் ஹம்ப்ரி விழுவதையும் மீள்வதையும் தன் முறையின் அடிப்படையாக்கினார். 1928ல் அவர் அமைத்த 'வாட்டர் ஸ்டடி'க்கு இசையே கிடையாது. ஆடுபவர்களின் மூச்சுதான் தாளம்.

விழுவது என்ன பெரிய வித்தை என்று கேட்கலாம். முழங்கால் சில்லு, வால் எலும்பு, முழங்கை, இவை முதலில் தரையைத் தொட்டால் காயம். சதை உள்ள இடங்களான தொடையின் பக்கம், இடுப்பின் பக்கம், முன்கை என்று எடை வரிசையாக இறங்க வேண்டும். இறங்கும்போது மூச்சை வெளியே விட வேண்டும். அடக்கினால் உடல் கட்டையாகிவிடும். முழங்கால் மடங்கும்போது பாத விரல்களின் திசையிலேயே போக வேண்டும், உள்ளே சாயக் கூடாது. அரைமண்டியில் முழங்காலைத் திருத்தும் நாட்டிய ஆசிரியர்களுக்கு இது புதிதா என்ன? பிறகு ஏன் இலக்கணம் இல்லை என்கிறார்கள்?

"மெர்ஸ் கன்னிங்காம் காசு சுண்டிப் போட்டு அசைவுகளின் வரிசையை முடிவு செய்தாரே, அது கட்டுப்பாடா?" என்று சிலர் மடக்குவார்கள். செய்தார்தான். ஆனால் காசு சொல்லும் வரிசை உடலுக்கு வசதியாக அமையாது. ஒற்றைக் காலில் நிற்கும்போது முதுகைத் திருப்பச் சொல்லும், உடனே எதிர்த்திசையில் தாவச் சொல்லும். அதை ஆட மற்ற நடனங்களைவிடக் கறாரான கால் பயிற்சி வேண்டும். அவருடைய வகுப்புகள் அதைத்தான் கொடுத்தன. அவர் குழுவில் ஆடிய ஸ்டீவ் பாக்ஸ்டன் 1972ல் தொடங்கிய 'கான்டாக்ட் இம்ப்ரொவைசேஷன்' முன்கூட்டி அமைக்காத ஆட்டம். அவரும் ஐகிடோ பயின்றவர். அந்தத் தற்காப்புக் கலையில் விழக் கற்பதே பால பாடம்.

சென்னையில் சந்திரலேகா 1985ல் 'அங்கிகா'வை அமைத்தபோது பரதத்தோடு களரியையும் யோகத்தையும் கொண்டுவந்தார். மூன்றும் வருடக்கணக்கில் பயில வேண்டியவை. பழையதை உடைத்தார் என்று அவரைச் சொல்பவர்கள், எவ்வளவு பயிற்சியோடு உடைத்தார் என்பதை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

இதையெல்லாம் விட்டுவிட்டு, முதல் மாதத்திலேயே பிள்ளைகளுக்குத் தூக்கலும் குட்டிக்கரணமும் சொல்லித்தருகிற வகுப்புகள் இருக்கின்றன. ஆண்டுவிழா மேடையில் கைதட்டல் கிடைக்கும். முழங்கால் வலி பிறகு வரும்.

பிள்ளையைச் சேர்க்கப் போகும் பெற்றோர் அங்குள்ள ஆசிரியரிடம் ஒன்று கேட்டுப் பார்க்கலாம். பாட்டு இல்லாமல், மெதுவாக, தரையில் 'தொப்' என்று ஓசை வராமல் ஒரே ஒருமுறை விழுந்து, அதே மெதுவில் எழுந்து காட்டச் சொல்லலாம்.