எத்தனை மாதிரி எடுத்தீர்கள்?

தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் அரசு கொடுக்கும் சோளம் கலந்த சத்துமாவான திரிபோஷவில் அஃப்ளடொக்சின் என்ற பூஞ்சண நச்சு எவ்வளவு இருக்கலாம் என்ற வரம்பை 2023இல் வர்த்தமானி மூலம் தளர்த்தியது தவறு. சோளம் தரத்துக்கு வராவிட்டால் சோளத்தைத் திருத்த வேண்டும். அரசோ தரத்தை இறக்கியது. விவகாரம் நீதிமன்றம் வரை போன பிறகும் பேச்சு முழுவதும் ஒரே எண்ணைச் சுற்றித்தான். ஒரு தொகுதியில் எத்தனை இடத்தில், எத்தனை கிலோ எடுத்து அந்த எண்ணோடு ஒப்பிடுகிறார்கள்? இரத்தினபுரி மாவட்டத்து நிவித்திகல தோட்டத்தில் மருத்துவமாதுவிடம் பக்கற்றை வாங்கும் தாய்க்கு இதை எவரும் சொல்லவில்லை.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது. பூஞ்சணம் சோளக் குவியலெங்கும் ஒரேமாதிரி பரவுவதில்லை. ஈரம் பட்ட ஒரு மூலையில், சில மணிகளில் மட்டும் நச்சு திரண்டிருக்கும். ஒரு கைப்பிடி எடுத்துச் சோதித்தால் அந்த மணிகள் அகப்படாமலே போகலாம். அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் பெரிய தானியத் தொகுதி ஒன்றில் 100 இடங்களில் எடுத்துச் சேர்த்த 10 கிலோவைக் கேட்கிறது. குழந்தை உணவில் அஃப்ளடொக்சின் பி1 கிலோவுக்கு 0.1 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது. கிருமிகளுக்கும் இதே கணக்குத்தான். குழந்தைப் பால்மாவில் சால்மொனெல்லா இல்லை என்று சொல்ல, சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸின் விதி 25 கிராம் வீதம் 60 மாதிரி கேட்கிறது. ஒன்றில்கூட அது இருக்கக்கூடாது. பத்தில் ஒரு பக்கற் கெட்டிருக்கும் தொகுதியில் ஐந்தை மட்டும் சோதித்தால், நூற்றுக்கு 59 தடவை ஐந்துமே சுத்தமாக வரும். நூற்றில் ஒன்றுதான் கெட்டது என்றால், 60 எடுத்தாலும் பாதித் தடவைக்கு மேல் தப்பிவிடும். மாதிரி எண்ணிக்கையைச் சொல்லாத சான்றிதழை நம்ப எந்தத் தாயும் கடமைப்பட்டவளல்ல. இரத்தினபுரி மழையில் களஞ்சியத்தில் கிடந்து வரும் பக்கற்றை மறுபடி எடுத்துப் பார்ப்பவர் யார் என்பதும் தெரியாது.

அரசின் வழக்கமே இதுதான். 2013இல் பால்மாவில் டிசிடி என்ற இரசாயனம் இருப்பதாகப் பீதி எழுந்தபோது ஆய்வுகூட முடிவுக்கும் மறுப்புக்கும் நடுவே பெற்றோர் தவித்தார்கள். 2021இல் சித்திரைப் புத்தாண்டு நெருங்கும் வேளையில் இறக்குமதித் தேங்காய் எண்ணெயில் அஃப்ளடொக்சின் என்று தெரியவந்தது; அதற்குள் சரக்கு சுங்கத்தைத் தாண்டியிருந்தது. 2022 செப்டம்பரில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சங்கம் திரிபோஷ பற்றி எச்சரித்தபோது முதலில் வந்தது மறுப்பு. அடுத்த வருடம் வந்தது வர்த்தமானி. எச்சரித்தவர் சொன்னதை ஆராயாமல் அளவுகோலை மாற்றுவது நிர்வாகமல்ல, கைகழுவல்.

அதன் விலையைக் கொடுப்பது யார்? 2016 குடிசன, சுகாதார அளவீட்டின்படி தோட்டங்களில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 32 பேர் வளர்ச்சி குன்றியவர்கள். நாட்டின் சராசரி 17. தோட்டத்துக் குழந்தைகள் காப்பகமான பிள்ளைக்காம்பராவில் திரிபோஷ உருண்டையைக் கையில் வாங்கும் பிள்ளைக்கு வேறு சத்துணவைத் தேடிக் கொடுக்க அந்த வீட்டில் வசதி இல்லை. கொழும்பில் வர்த்தமானியில் கையெழுத்திட்டவர்களின் பிள்ளைகள் அந்த உருண்டையை நம்பி வளர்பவர்களல்ல.

தளர்வை நிரந்தரமாகக் கைவிடுங்கள். பொறுப்பானவர்கள் கூடி ஒழுங்கான மாதிரி எடுக்கும் முறையொன்றை விரைவில் வகுக்கட்டும். ஒவ்வொரு தொகுதிக்கும் எத்தனை மாதிரி, என்ன முடிவு என்பதைத் தமிழிலும் எழுதி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளின் சுவரில் ஒட்டட்டும்.