சிங்கப்பூரில் வீடு வாங்குவதா, வாடகைக்கு இருப்பதா: புதிதாகக் குடிபெயர்வோர் குறித்து எமது சங்கத்தின் நிலைப்பாடு

தமிழகத்திலிருந்து உத்தியோக நிமித்தம் சிங்கப்பூருக்கு வந்து சேரும் குடும்பங்கள், கொண்டுவந்த பெட்டிகளைப் பிரித்து முடிக்கும் முன்பே, மாதாமாதம் வாடகையாகக் கொட்டும் பணத்தைத் தவணையாகக் கட்டினால் வீடு சொந்தமாகிவிடாதா என்று உறவினரையும் தரகரையும் கேட்கத் தொடங்குவதும், கிடைக்கும் பதில் சொல்பவரின் ஆதாயத்துக்கேற்ப மாறுவதும் வழக்கமாகிவிட்டபடியால், இவ்விஷயத்தில் எமது அபிப்பிராயத்தைப் பகிரங்கமாகத் தெரிவிப்பது அவசியமெனச் செயற்குழு கருதுகிறது. நிரந்தரவாசத் தகுதி கிட்டும்வரை இங்கே வீடு வாங்க முற்படுவது உசிதமன்று. கிட்டிய பின்னும் அவசரம் வேண்டியதில்லை.

இந்நாட்டு மக்களில் ஐவரில் நால்வர் வசிக்கும் கழக வீடுகள், 1960இல் நிறுவப்பட்ட வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தால் குடிமக்களின் தேவை கருதிக் கட்டப்பட்டவையாதலால், வேலை அனுமதியில் வந்திருப்பவர் அவற்றை வாங்குவதற்கில்லை. நிலத்தோடு கூடிய தனிவீடுகளுக்கு 1976ஆம் ஆண்டுச் சட்டம் குறுக்கே நிற்கிறது. எஞ்சியது தனியார் அடுக்குமாடி வீடு ஒன்றே. அதை வாங்கும் அயல்நாட்டவர், 2023 ஏப்ரல் 27 முதல், விலையில் 60 சதவிகிதத்தைக் கூடுதல் முத்திரை வரியாகச் செலுத்த வேண்டும். 15 லட்சம் வெள்ளி பெறுமான வீட்டுக்கு இவ்வரி 9 லட்சம். வாங்குவோர் யாவரும் கட்டும் சாதாரண முத்திரை வரி 44,600 வெள்ளி அதற்கு மேல். இவ்வரியைக் குறைக்கும்படி நாமும் மனுச் செய்ய வேண்டுமென்று உறுப்பினர் சிலர் பிரஸ்தாபித்ததுண்டு. செயற்குழு அதை ஏற்கவில்லை: இத்துணைச் சிறிய தீவில் பிறந்து வளர்ந்தவனுக்கு வீடு எட்டாப் பொருளாகிவிடக் கூடாதென்னும் கவலை நியாயமானது, விருந்தினராக வந்த நாம் அதை எதிர்த்துக் கொடி பிடிப்பது அழகுமன்று.

வாடகை வீண்செலவு என்னும் வாதம் ஊரில் எவ்வளவு பொருந்துமோ அறியோம், இங்கே பொருந்தாது. எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்னும் வேலை அனுமதி முதன்முறை வழக்கமாக 2 ஆண்டுக்குள் அடங்குவது; வேலை போய் அது ரத்தானால், பொதுவாக 30 நாளுக்குள் புது வேலை தேடவோ மூட்டை கட்டவோ வேண்டியதுதான். அத்தகைய நிலையிலிருப்பவருக்கு வாடகை என்பது, எந்நேரமும் கடனின்றிப் புறப்படக்கூடிய சுதந்திரத்துக்கு அவர் கொடுக்கும் விலை. ஆனால் அச்சுதந்திரம் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருந்தால்தான் உண்டு. 2 ஆண்டு ஒப்பந்தத்தில், ஓராண்டு கழிந்தபின் வேலையிழப்போ இடமாற்றமோ நேர்ந்தால் இரண்டு மாத முன்னறிவிப்போடு விலகலாம் என்னும் ‘டிப்ளமேட்டிக் கிளாஸ்’ இருக்கிறதா என்று பாராமல் கையெழுத்திடுவோர் இன்னும் இருக்கிறார்கள். மாதம் 3,000 வெள்ளி வாடகையில் 2 ஆண்டுக்கு முத்திரை வரி 288 வெள்ளி. இச்சிறு தொகையை மிச்சப்படுத்தப் போய், முத்திரையிடாத பத்திரம் நீதிமன்றத்தில் செல்லாதென்பதை முன்பணம் திரும்பாதபோது அறிந்து என்ன பயன்? சாவி வாங்கும் அன்றே அடுப்பு மேலுள்ள புகைபோக்கியின் எண்ணெய்ப் பிசுக்கையும், சுவரில் முன்பிருந்தவர் அடித்த ஆணித் துளைகளையும், ஏர்கானிலிருந்து சொட்டும் நீரையும் தேதியோடு படமெடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுவது புத்திசாலித்தனம். சாமிப் படத்துக்கென்று ஒரே ஓர் ஆணி அடிப்பதானாலும் அனுமதி எழுத்தில் இருக்கட்டும்.

நிரந்தரவாசிகளாகிவிட்டவர் விஷயம் வேறு. கணவனும் மனைவியும் அத்தகுதி பெற்று 3 ஆண்டு கழிந்தபின் மறுவிற்பனைக் கழக வீடு வாங்கலாம்; முதல் வீடாயின் கூடுதல் வரி 5 சதவிகிதமே. ஆயினும் இவ்வீட்டை வாங்குகிற நிரந்தரவாசி, அயல்நாட்டில் தம் பெயரில் குடியிருப்பு வீடு வைத்திருந்தால், 6 மாதத்துக்குள் அதைக் கைமாற்றிவிட வேண்டுமென்பது விதி. கும்பகோணத்தில் தாயார் குடியிருக்கும் வீட்டை விட்டுக்கொடுத்து உட்லண்ட்ஸில் எஞ்சிய குத்தகைக் காலத்துக்கு ஒரு வீடு வாங்குவது எல்லோர்க்கும் ஏற்ற முடிவாகாது. வங்கி வட்டியைக் கணக்கிடுவதற்கு முன், அந்த அம்மாளின் சம்மதத்தைக் கேட்டறிவது முறை.

இவ்வளவும் குடிபெயர்வோருக்குச் சொன்னது. வீட்டுக்காரர்களுக்கும் முகவர்களுக்கும் சொல்ல வேண்டியதும் உண்டு. சமையல் வாசனையைக் காரணங்காட்டி இந்தியர் வேண்டாமென்று விளம்பரத்திலேயே குறிப்பிடும் வழக்கம், தமிழை ஆட்சிமொழிகளுள் ஒன்றாகக் கொண்ட நாட்டில் நடப்பது எமக்கு மிகுந்த மனத்தாங்கலைத் தருகிறது. வாங்கும் வழி அடைபட்டிருப்பவனுக்கு வாடகை வழியும் மறுக்கப்பட்டால் அவன் எங்கே போவான்? சமையலறைச் சுத்தம் குறித்து எத்தகைய நிபந்தனை வேண்டுமானாலும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள். பிறந்த நாட்டைக் கேட்டுக் கதவைச் சாத்த வேண்டாம் என்பதே எமது கோரிக்கை. முன்பணத்தை அநியாயமாகப் பிடித்துக்கொள்ளும் வழக்குகளில், 2 ஆண்டுக்கு மேற்படாத ஒப்பந்தமாயின், 20,000 வெள்ளி வரை சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் வழக்கறிஞரின்றியே முறையிடலாம்; அதற்கு வேண்டிய பத்திரங்களை ஒழுங்குபடுத்தித் தர எமது சங்கம், உறுப்பினரல்லாதவருக்கும், கட்டணமின்றி உதவும்.