நிலவறையில் வளர்ந்த சங்கீதம்

ஒரு கலை செழித்திருக்கிறதா இல்லையா என்பதை அதன் திருவிழாக்களைக் கொண்டு அளப்பது இந்நாளில் வழக்கமாகிவிட்டது. பல்லாயிரம் பேர் கூடும் மைதானமும், கண்ணைப் பறிக்கும் விளக்குகளும், மாலையில் வந்திறங்கி நள்ளிரவில் விமானமேறிவிடும் பிரசித்தி பெற்ற வித்வான்களும் இருந்துவிட்டால், சங்கீதம் க்ஷேமமாக இருக்கிறதென்று திருப்தி அடைந்துவிடுகிறோம். திருவிழாக்களின் மீது எனக்குத் துவேஷம் ஏதுமில்லை. அவை அறுவடைக் களங்களே ஒழிய விளைநிலங்கள் அல்ல என்பதும், விளைச்சல் வேண்டுமானால் சிறியதோர் அரங்கமும், அதில் ஒரே குழு பல இரவுகள் தொடர்ந்து வாசிக்கும் ஏற்பாடும் வேண்டும் என்பதுமே என் துணிபு. இதற்குச் சான்று வேண்டுவோர், அமெரிக்க நாட்டு ஜாஸ் சங்கீதத்தின் சரித்திரத்தைச் சற்றே புரட்டினால் போதும்.

நியூயார்க் நகரின் கிரீனிச் வில்லேஜ் பகுதியில், செவன்த் அவென்யூ சவுத் என்னும் வீதியில், 178 என்ற இலக்கமிட்ட கட்டடத்துக்கு அடியில், முக்கோண வடிவமான நிலவறை ஒன்று இருக்கிறது. செங்குத்தான படிகளில் இறங்கித்தான் அதற்குள் புக வேண்டும். 123 பேருக்கு மேல் அங்கே இடமில்லை. லித்துவேனியாவில் பிறந்து, குழந்தைப் பருவத்தில் அமெரிக்காவில் குடியேறிய மாக்ஸ் கோர்டன் என்பவர் 1935-ஆம் ஆண்டில் இங்கே 'வில்லேஜ் வான்கார்ட்' என்ற விடுதியை அமைத்தார். கவிஞர்களும் நாட்டுப் பாடகர்களும் ஹாஸ்ய நடிகர்களும் ஆதியில் அதன் மேடையை அலங்கரித்தார்கள். 1957 முதல் அது ஜாஸ் ஒன்றுக்கே உரிய ஸ்தலமாயிற்று. பழைய சமையலறையே வித்வான்கள் இளைப்பாறும் அறை. செவ்வாய் தொடங்கி ஞாயிறு வரையில் ஒரே குழு, இரவுக்கு இரண்டு கச்சேரிகள் என்பது அவ்விடத்து நியதி. அந்த எளிய நியதியில்தான் அதன் மகிமை அனைத்தும் அடங்கியிருக்கிறது.

ஜாஸ் சங்கீதத்தின் ஜீவன் மனோதர்மத்தில் இருக்கிறது. வாசிக்க எடுத்துக்கொண்ட மெட்டு பெரும்பாலும் சில வரிகளே; அதை ஆதாரமாக வைத்துக்கொண்டு ஒருவர் அந்தக் கணத்தில் கற்பனை செய்து விஸ்தரிப்பதும், மற்றவர்கள் அதைச் செவிமடுத்து உடனுக்குடன் மறுமொழி சொல்வதுமே கச்சேரி. இப்படிப்பட்ட சம்வாதம் ஒரே இரவில் கனிந்துவிடுவது அபூர்வம். செவ்வாய்க்கிழமை ஒருவரையொருவர் அளந்து பார்த்துக்கொண்டிருந்தவர்கள், வியாழக்கிழமை வரும்போது அடுத்தவர் சொல்லப் போவதை முன்னதாகவே ஊகிக்கிறார்கள். வார முடிவில், தவறிப் போகுமோ என்ற அச்சம் நீங்கி, தாங்களே எதிர்பாராத துறைகளில் இறங்குகிறார்கள்.

1961 நவம்பர் முதல் வாரத்தில் ஸாக்ஸபோன் வித்வான் ஜான் கோல்ட்ரேன் இந்த நிலவறையில் வாசித்தபோது, நான்கு இரவுகளின் கச்சேரிகள் ஒலிப்பதிவு செய்யப்பட்டன. நம் நாட்டுச் சங்கீதத்தில் அவருக்கிருந்த ஈடுபாட்டின் விளைவாக 'இந்தியா' என்று பெயரிட்டு அவர் அமைத்த உருப்படியும் அவற்றுள் உண்டு. இரண்டு பேஸ் வாத்தியங்கள் சுருதிபோல் ஆதாரமாக நிற்க, அவரும் உடன் வாசித்த எரிக் டால்ஃபியும் அதை இரவுக்கு இரவு புதிதாக விரித்தார்கள். 1997-இல் முழுப் பதிவும் நான்கு தகடுகளாக வெளிவந்த பின்பு, ஒரே உருப்படி ஒரு வாரத்துக்குள் எவ்வளவு தூரம் பிரயாணம் செய்தது என்பதை ஒப்பிட்டு அறிவது எவருக்கும் சாத்தியமாயிற்று. 1961-இன் அதே நவம்பரில் 'டவுன் பீட்' என்ற சங்கீதப் பத்திரிகையின் விமரிசகர் ஒருவர் அவருடைய வாசிப்பை ஜாஸுக்கே விரோதமானது என்று கண்டித்து எழுதினார். கண்டனம் மறைந்துவிட்டது, தகடுகள் நிலைத்திருக்கின்றன.

அதே ஆண்டு ஜூன் 25-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பியானோ வித்வான் பில் எவன்ஸும், பேஸ் வாசித்த ஸ்காட் லஃபாரோவும், டிரம்ஸ் வாசித்த பால் மோஷனும் பகலிலும் இரவிலுமாக ஐந்து முறை மேடையேறி வாசித்ததிலிருந்து இரண்டு இசைத்தட்டுகள் உருவாயின. கண்ணாடிக் கோப்பைகள் உரசும் சப்தமும், மேஜைகளில் நடந்த பேச்சும் அவற்றில் கேட்கின்றன; ஆயினும் மூவரும் சமமாக உரையாடும் அந்த வாசிப்புக்கு இணையானது அரிதென்பதே ரசிகர்களின் அபிப்பிராயம். பதினொரு நாட்களுக்குப் பின் லஃபாரோ மோட்டார் விபத்தில் மாண்டார். அப்போது அவருக்கு வயது 25. இங்கே கவனிக்கத் தக்கது, அந்த ஞாயிறு இரண்டு வாரத் தொடரின் கடைசி நாள் என்பதே. ஒரு நாள் திருவிழாவில் அந்த மூவரையும் கேட்டிருந்தால், உலகத்துக்குக் கிடைத்திருப்பது அத்தொடரின் முதல் நாள் வாசிப்பைப் போன்ற ஒன்றாகவே இருந்திருக்கும்.

திங்கட்கிழமையின் கதை வேறு. தாட் ஜோன்ஸும் மெல் லூயிஸும் சேர்ந்து அமைத்த பெரிய வாத்தியக் குழு 1966 பிப்ரவரியில் ஒரு திங்களன்று அங்கே வாசிக்கத் தொடங்கியது. ஜோன்ஸ் ஐரோப்பாவுக்குப் போய்விட்டார். லூயிஸ் 1990-இல் காலமானார். குழுவோ வில்லேஜ் வான்கார்டின் பெயரையே தன் பெயராகத் தரித்துக்கொண்டு இன்றும் திங்கள் தோறும் வாசித்து வருகிறது. இளைஞர்கள் மூத்தவர்களின் அருகில் அமர்ந்து வாசித்தே வித்தையைப் பெறுகிறார்கள்; பள்ளிக்கூடத்தில் கிடைக்காத சிக்ஷை அது.

இத்தகைய அரங்கை நடத்துகிறவருக்கு வியாபார புத்தியினும் பொறுமை அதிகம் வேண்டும். 1948-இல் தெலோனியஸ் மங்க் என்னும் பியானோ மேதையை இங்கே வாசிக்கச் செய்தபோது கேட்க வந்தவர்கள் வெகு சிலரே. மங்க்குக்காக கோர்டனிடம் வாதாடிய லொரைன் என்ற பெண்மணி பிற்காலத்தில் அவருக்கே மனைவியாகி, 1989-இல் அவர் மறைந்தபின் 2018-இல் தாம் மறையும் வரையில் விடுதியை நடத்தினார்; அவருக்குப் பின் மகள் அதை ஏற்றுக்கொண்டார். அந்த மங்க், 1957-இல் அதே நகரத்து 'ஃபைவ் ஸ்பாட்' என்ற சிறு விடுதியில் மாதக்கணக்கில் இரவு தோறும் வாசித்த காலத்தில், அவர் அருகில் நின்று வாசித்துப் பயின்றவர்தான் கோல்ட்ரேன்.

123 ஆசனங்களைக் கொண்டு ஒரு விடுதி எப்படிப் பிழைக்கும் என்று கேட்பது நியாயமே. பிழைக்காமல் போனவையே அதிகம். 1930-களிலும் 40-களிலும் நியூயார்க்கின் 52-ஆம் வீதியில் வரிசையாக இருந்த ஜாஸ் விடுதிகள் மறைந்து, அவ்விடங்களில் காரியாலயக் கட்டடங்கள் எழும்பிவிட்டன. அரசாங்கத்தின் பங்கும் இதில் உண்டு. 1940 முதல் 1967 வரையில், மது விற்கும் விடுதிகளில் பாடவும் வாசிக்கவும் போலீஸாரின் அனுமதிச் சீட்டு வேண்டுமென்று அந்நகரில் விதி இருந்தது. 1947-இல் போதைப்பொருள் குற்றத்துக்காகத் தண்டனை பெற்ற பாடகி பில்லி ஹாலிடே அச்சீட்டை இழந்தார். 1948-இல் கார்னெகி ஹாலின் பெரிய மேடையில் நிறைந்த சபையின் முன் பாட அவருக்குத் தடையில்லை; சிறிய விடுதியில் பாடத்தான் தடை! மங்க்கும் 1951 முதல் 1957 வரை அவ்வாறே விலக்கப்பட்டிருந்தார். பேரரங்குக்கு மரியாதையும் சிற்றரங்குக்குச் சந்தேகமும் என்ற இந்த மனோபாவம் எந்த நாட்டு ஆட்சியாளருக்கும் எளிதில் வந்துவிடக் கூடியது. ஒரு நகரம் தன் சங்கீதத்தைக் காக்க விரும்பினால், விழாக்களுக்கு மானியம் வழங்குவதற்கு முன்பு, சிற்றரங்குகளின் வாடகையையும் வரியையும் தாங்கத் தக்கவையாக்குவது முதற்கடமை.

மக்களையும் பேரக்குழந்தைகளையும் காண நியூயார்க்கை அடுத்த ஊர்களுக்குச் செல்லும் தமிழ்ப் பெற்றோர் இன்று ஏராளம். சுதந்திர தேவி சிலையையும், வானளாவிய மாளிகைகளையும் காட்ட அழைத்துச் செல்லும் பிள்ளையிடம், இந்த நிலவறைக்கும் ஓரிரவு கூட்டிப் போகும்படி கேளுங்கள். கூடுமானால் செவ்வாயன்று ஒரு முறையும், அதே குழுவை ஞாயிறன்று மறுமுறையும் கேளுங்கள். நான் சொல்வது மெய்யா பொய்யா என்பதை அந்த ஐந்து நாள் இடைவெளியே தீர்ப்புச் சொல்லிவிடும்.